உணவுத் தட்டருகே ஒரு மத்ரஸா

"அத்தா, மிளகாய் நெருப்பு இல்லையே, அப்புறம் ஏன் வாய் எரியுது?"

"அம்மா, வெங்காயம் நறுக்கும்போது நீங்க ஏன் அழுறீங்க?"

"நன்னியை மண்ணுக்குள்ளே வச்சீங்களே, அவங்களுக்குப் பசிக்காதா?"

நான்கைந்து வயதுக் குழந்தை உள்ள எந்த இல்லத்திலும் உணவு நேரத்தில் இத்தகைய கேள்விகள் எழாமல் இருப்பதில்லை. பகலெல்லாம் ஆளுக்கொரு திசையில் இருந்த குடும்பம் ஒன்றாக அமரும் வேளை அது ஒன்றுதான். ஆலை வேலை முடித்து வரும் தந்தையும், அடுப்படியிலிருந்து சற்றே விடுபட்ட தாயும், பாட்டனாரும் ஒரே இடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் அமர்ந்திருக்கிறார்கள். குழந்தை அந்த வாய்ப்பைத் தவறவிடுவதில்லை.

நாமோ பெரும்பாலும் என்ன செய்கிறோம்? "பேசாமல் சாப்பிடு" என்கிறோம். மீறிக் கேட்டால் "அதிகப்பிரசங்கி" என்று அதட்டுகிறோம். இக்காலத்தில் அதட்டவும் தேவையில்லாமல் போய்விட்டது. கைப்பேசியில் ஏதேனும் ஒரு படத்தை ஓடவிட்டுக் குழந்தையின் முன் வைத்துவிட்டால், அது கண்ணை எடுக்காமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடுகிறது. சோறு இறங்கிவிடுகிறது, கேள்வியும் அதனுடன் சேர்ந்து விழுங்கப்பட்டு விடுகிறது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் மக்தபுக்கு வரும் பிள்ளைகளைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். ஓதியதை ஒப்பிக்கச் சொன்னால் கணீரென ஒப்பிப்பார்கள். "இதில் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றால் பலரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். கேட்கத் தயங்காத ஓரிரு பிள்ளைகளின் இல்லங்களை விசாரித்தால், அங்கே உணவு வேளையில் அவர்கள் வாயை யாரும் அடைப்பதில்லை என்பது தெரியவரும்.

உண்ணும்போது பேசலாகாதா?

உணவின்போது பேசுவது மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்று நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது 'இஹ்யா உலூமுத்தீன்' நூலில் உணவின் ஒழுக்கங்களுக்கென்றே ஒரு தனிப் பகுதியை அமைத்திருக்கிறார்கள். அதில், உணவின்போது வாய்மூடி மௌனமாக இருப்பது அக்காலப் பாரசீகர்களின் வழக்கம் என்றும், நல்லவற்றைப் பேசியும் சான்றோர் வரலாறுகளை எடுத்துரைத்தும் உண்பதே ஒழுக்கம் என்றும் கூறுகிறார்கள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை தம் இல்லத்தாரிடம் தொட்டுக்கொள்ள ஏதேனும் உண்டா என்று கேட்டார்கள். வினிகரான காடியைத் தவிர வேறொன்றும் இல்லை எனப் பதில் வந்தது. அதையே வரவழைத்து உண்டவாறு, காடி எவ்வளவு நல்ல தொடுகறி என்று புகழ்ந்தார்கள். முஸ்லிம் நூலில் இடம்பெறும் இந்த நிகழ்ச்சியை விளக்கும் இமாம் நவவி (ரஹ்), உடன் உண்போரின் மனம் மகிழும்படி உணவின்போது உரையாடுவது விரும்பத்தக்கது என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்கிறார்கள்.

வாயில் உணவை வைத்துக்கொண்டு பேசுவதுதான் தவறு. சிறு குழந்தைக்குப் புரையேறும். தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. ஆகவே "பேசாதே" என்பதற்குப் பதிலாக "முழுங்கிவிட்டுக் கேள், கண்ணு" என்று சொல்லிப் பழக்கலாம். ஒழுக்கமும் நிலைக்கும், கேள்வியும் உயிரோடிருக்கும்.

குருத்தும் ஒரு சிறுவரின் மௌனமும்

நமது பனங்காட்டுச் சீமையில் குருத்து என்றால் என்ன என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. பேரீச்ச மரத்திற்கும் அத்தகைய குருத்து உண்டு. அதை உண்ட ஓர் அவையில் நடந்ததை இமாம் புகாரி (ரஹ்) தமது நூலின் உணவுப் பகுதியிலேயே பதிவு செய்திருக்கிறார்கள்.

பெருமானார் (ஸல்) அவர்களிடம் பேரீச்சங்குருத்து கொண்டுவரப்பட்டது. அவர்கள் தோழர்களைப் பார்த்து ஒரு விடுகதை போட்டார்கள். மரங்களில் ஒன்று முஸ்லிமைப் போன்றது, அதன் இலை உதிர்வதில்லை, அது எது? பெரியவர்களின் எண்ணமெல்லாம் காட்டு மரங்களை நோக்கி ஓடிற்று. அங்கிருந்த அனைவரிலும் இளையவரான அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு அது பேரீச்சமரம் என்று தோன்றிவிட்டது. ஆனால் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) போன்ற மூத்தோரே மௌனமாக இருக்கையில் தாம் வாய் திறப்பதா என நாணி இருந்துவிட்டார்கள். பிறகு பெருமானாரே விடையைக் கூறினார்கள். வெளியே வந்தபின் மகன் இதைத் தந்தையிடம் தெரிவித்தார்கள். "பெரியவர்கள் முன் பேசாதிருந்தாயே, நல்ல பிள்ளை" என்று உமர் (ரலி) மெச்சவில்லை. நீ அதைச் சொல்லியிருந்தால், பெருஞ்செல்வத்தைவிட எனக்கு அது உவப்பாக இருந்திருக்கும் என்ற கருத்தில் பேசினார்கள்.

கையில் இருந்த உணவுப் பொருளையே பாடப் பொருளாக்கிக் கேள்வி எழுப்பியவர்கள் நபிகளார். சபையில் தன் பிள்ளை வாய் திறந்து பேசியிருக்கலாகாதா என ஏங்கியவர்கள் உமர் (ரலி). இவ்விரண்டையும் நம் வீட்டுத் தட்டருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

மற்றொரு சிறுவர் உமர் இப்னு அபீஸலமா (ரலி). பெருமானாரின் வளர்ப்பில் இருந்தவர். உண்ணும்போது அவர் கை தட்டெங்கும் அலைந்தது. பெருமானார் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பிஸ்மில்லாஹ் சொல், வலக்கையால் உண், உனக்கு அருகில் இருப்பதை உண் என மூன்றே சொற்றொடர்களில் அன்புடன் எடுத்துரைத்தார்கள். அன்று முதல் தாம் உண்ணும் முறை அதுவாகவே ஆயிற்று என அவர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். குழந்தைக்கு நீண்ட சொற்பொழிவு தேவையில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

கேள்வி கேட்டுத் தெளிவு பெறுவது தமிழ் முஸ்லிம்களுக்குப் புதிதும் அன்று. தமிழில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய முழு இஸ்லாமிய இலக்கியமாகப் போற்றப்படும் 'ஆயிர மசலா', 1572ஆம் ஆண்டில், நமக்கு அண்மையிலுள்ள மதுரையில் அரங்கேறியது. வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய அந்நூல், யூத அறிஞராயிருந்த அப்துல்லாஹ் இப்னு ஸலாம் அவர்கள் பெருமானாரிடம் கேட்ட வினாக்களையும் பெற்ற விடைகளையும் கூறுவது. மசலா என்பதற்கு வினா என்றே பொருள். வினாக்களில் தொடங்கிய இலக்கிய மரபுக்கு உரியவர்கள் நம் பிள்ளைகளின் வினாவுக்கு முகம் சுளிக்கலாமா?

ஆய்வுகள் காட்டும் உண்மை

பார்பரா டிசார்ட், மார்ட்டின் ஹியூஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் இலண்டனில் நான்கு வயதுச் சிறுமியர் முப்பதுபேரின் பேச்சை வீட்டிலும் பாலர் பள்ளியிலும் ஒலிப்பதிவு செய்து, 1984இல் நூலாக வெளியிட்டார்கள். வீட்டில் தாயிடம் அச்சிறுமியர் மணிக்குச் சராசரியாக 26 கேள்விகள் கேட்டனர். பள்ளியில் ஆசிரியையிடம் கேட்டவை மணிக்கு இரண்டே! தொழிலாளர் குடும்பத்துச் சிறுமியரும் அவர்களில் இருந்தனர். அவர்களின் இல்லங்களிலும் தாயும் மகளும் பேசிய பேச்சு கற்றலுக்கு வளமாகவே இருந்தது என்பது அவ்வாய்வின் முடிவுகளில் ஒன்று.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கேத்தரின் ஸ்னோவும் உடன் ஆய்வாளர்களும், வருவாய் குறைந்த குடும்பங்களின் உணவு நேர உரையாடல்களையே ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார்கள். உணவின்போது விளக்கங்களும் கதைகளும் மிகுதியாகப் பேசப்பட்ட இல்லங்களின் குழந்தைகள் பின்னாளில் சொல்வளம் மிக்கவர்களாய் விளங்கினார்கள்.

"ஒரு தடவை பதில் சொன்னால் விடுவானா? நச்சரிப்பானே" என்று தாய்மார்கள் சலித்துக்கொள்வதுண்டு. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. 'ஏன்', 'எப்படி' என்று கேட்ட சிறு குழந்தைகளுக்கு உண்மையான விளக்கம் கிடைத்தபோது அவர்கள் தலையசைத்து ஏற்றார்கள். அல்லது அதையொட்டிய அடுத்த கேள்விக்குச் சென்றார்கள். விளக்கம் கிடைக்காதபோதுதான் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஆகவே நச்சரிப்பு பெரும்பாலும் நாம் பதில் சொல்லாததன் விளைவே.

தட்டிலேயே இருக்கிறது பாடம்

மிளகாய் ஏன் எரிகிறது? அதிலுள்ள 'காப்சைசின்' என்னும் பொருள், சூட்டை உணரும் நரம்புகளைத் தூண்டிவிடுகிறது. மூளை நாக்கு சுட்டுவிட்டதென்று எண்ணிக்கொள்கிறது. இது நீரில் எளிதில் கரையாது, கொழுப்பில் கரையும். ஆகவே தண்ணீரைவிடப் பாலோ தயிரோ எரிச்சலைத் தணிக்கும். இக்கேள்வியைச் சிறுபிள்ளைத்தனம் என்று எண்ணிவிட வேண்டாம். காப்சைசினைக் கொண்டு இந்த வெப்ப உணர்வியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் என்னும் அறிஞருக்கு, 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு மற்றோர் அறிஞருடன் பகிர்ந்து அளிக்கப்பட்டது! கூடவே, மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியே நம் நாட்டுக்கு வந்ததையும், அதற்கு முன் நம் முன்னோர் காரத்திற்கு மிளகையே சேர்த்ததையும், மிளகைப் போன்ற காய் என்பதால் அது மிளகாய் ஆனதையும் சொல்லலாம்.

வெங்காயத்தை நறுக்கும்போது அதன் நுண்ணறைகள் உடைந்து, உள்ளே தனித்தனியே இருந்த பொருள்கள் கலந்து, கந்தகம் சேர்ந்த ஆவி எழுகிறது. அது கண்ணில் பட்டதும் கண் அதைக் கழுவிவிட நீரைச் சுரக்கிறது. "அம்மா அழவில்லை, அம்மாவின் கண் தன்னைத்தானே கழுவிக்கொள்கிறது" என்றால் நான்கு வயதுக்குப் போதும்.

"இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருது?" என்ற கேள்வி நம் வறண்ட மண்ணில் பிறந்த பிள்ளைக்கு இயல்பானது. குழாயில் நீர் வராத நாளில் குடத்துடன் நிற்கும் தாயை அது பார்க்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்து, மழையைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. நாமிருப்பது மலைக்கு இந்தப் பக்கம். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலிலிருந்து வரும் மழைதான் நம் கண்மாய்களை நிரப்ப வேண்டும். திருச்சுழி வழியே செல்லும் குண்டாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணலே தெரிவது அதனால்தான். வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகையும், பொதிகையில் பிறக்கும் தாமிரபரணியும் குழாய் வழியே அருப்புக்கோட்டைக்கு வந்து தாகம் தீர்க்கின்றன. இதை அறிந்த பிள்ளை குவளையில் மிச்சம் வைத்த நீரைக் கீழே கொட்டத் தயங்கும். வீண்விரயம் கூடாதென்று பத்து முறை சொல்வதைவிட இது ஆழமாகப் பதியும்.

அத்தா சவூதியில் இருக்கும் இல்லங்களில் வேறொரு கேள்வி எழும். மஃரிபுக்குப் பின் சாப்பாட்டு வேளையில் காணொளியில் அழைக்கிறார். இங்கே இருட்டிவிட்டது, அவருக்குப் பின்னால் வெயில் அடிக்கிறது. "அத்தாவுக்கு மட்டும் ஏன் இன்னும் பகல்?" ஒரு கொய்யாப் பழத்தையும் டார்ச் விளக்கையும் எடுத்து, பழத்தைச் சுற்றிக் காட்டுங்கள். பூமி சுழல்கிறது, கிழக்கே உள்ள நாம் முதலில் இருட்டுக்குள் செல்கிறோம், அத்தா இருக்கும் இடம் இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. "நாம் மஃரிபு தொழும்போது அத்தா அஸர் வேளையில் இருக்கிறார்" என்றால், தொழுகை நேரத்தின் கணக்கும் விளங்கும். பிரிவின் தூரமும் சற்றுக் குறையும்.

நெஞ்சைத் தைக்கும் கேள்விகள்

எல்லாக் கேள்விகளும் மிளகாய், வெங்காயத்தோடு நிற்பதில்லை. சில, பெரியவர்களின் தொண்டையில் சோற்றை நிறுத்திவிடும்.

"நன்னி எங்கே?" "ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொல்லிவிடுகிறோம். குழந்தை நாள்தோறும் வாசலைப் பார்க்கிறது. "தூங்குகிறார்கள்" என்றாலோ தான் தூங்கவே அஞ்சுகிறது. மௌத்து என்ற சொல்லையே பயன்படுத்தலாம். நன்னியின் உடல் இயங்குவது நின்றுவிட்டது. இனி அவர்களுக்கு நம்மைப்போல் சோற்றுப் பசி இல்லை. அவர்களை அல்லாஹ்விடம் ஒப்படைத்திருக்கிறோம். நாம் அவர்களுக்காக துஆ செய்யலாம். சொல்லும்போது நம் கண் கலங்கினாலும் குற்றமில்லை. தம் மைந்தர் இப்ராஹீமின் பிரிவில் பெருமானாரின் கண்களும் நீர் சொரிந்தன.

"நாம வளர்த்த ஆட்டை ஏன் அறுத்தோம்?" பெருநாள் அன்று தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்கும் பிள்ளையை ஏளனம் செய்யாதீர்கள். இரக்கம் அதன் உள்ளத்தில் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். அந்தப் பிராணிகளின் இறைச்சியோ இரத்தமோ அல்லாஹ்வை அடைவதில்லை, நம் இறையச்சமே அவனை அடைகிறது என்று திருமறையின் 22ஆம் அத்தியாயம் 37ஆம் வசனம் கூறும் கருத்தை எளிய மொழியில் சொல்லுங்கள். இறைச்சி யார் யார் வீட்டுக்குப் போனது என்பதைக் காட்டுங்கள். அன்று அப்பிள்ளை உண்ண மறுத்தால் வற்புறுத்தவும் வேண்டாம்.

"பக்கத்து வீட்டு அக்கா ஏன் வெள்ளிக்கிழமை கறி சாப்பிடமாட்டாங்க?" நாம் கூறும் பதிலின் சொற்களைவிடக் குரல்தான் பிள்ளையின் மனத்தில் தங்கும். "அது அவர்கள் வழக்கம். நாம் ரமலானில் பகலில் உண்ணாமல் இருக்கும்போது அவர்கள் நம்மை மதிக்கிறார்கள் அல்லவா? அதுபோல் நாமும் மதிக்க வேண்டும்" என்று கூறுங்கள்.

"இன்னிக்கு ஏன் வெறும் ரசம்?" வேலையில்லாத வாரத்தில் இக்கேள்வி தந்தையின் உள்ளத்தைச் சுடும், அந்தச் சூடு குழந்தையின்மேல் பாயும். "இந்த வாரம் காசு குறைவு, ஆனாலும் அல்லாஹ் நமக்குச் சோறு தந்திருக்கிறான்" என்ற உண்மையைச் சொல்வதில் இழிவு ஏதுமில்லை. காடியைப் புகழ்ந்து உண்ட பெருமானாரின் வரலாற்றைச் சொல்ல இதைவிட ஏற்ற வேளையும் இல்லை.

"அல்லாஹ்வை யார் படைச்சது?" பல தந்தையர் கையை ஓங்குவது இக்கேள்விக்குத்தான். இத்தகைய எண்ணம் மனிதருக்கு எழும் என்பதைப் பெருமானாரே முன்னறிவித்து, அதிலேயே உழன்றுகொண்டிராமல் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடும்படி கற்பித்திருக்கிறார்கள். குழந்தை வழிதவறிக் கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஒருவர் செய்கிறார் என்று கண்டு, அந்த வரிசையை மேலும் நீட்டிப் பார்க்கிறது. படைக்கப்பட்டவற்றுக்குத்தான் படைத்தவன் வேண்டும். அவன் படைக்கப்பட்டவன் அல்லன். பெற்றவனும் அல்லன், பெறப்பட்டவனும் அல்லன். மக்தபில் மனனம் செய்த குல்ஹுவல்லாஹு சூராவின் பொருள் இதுதான் என்று சொல்லுங்கள். நபி இப்ராஹீம் (அலை) அவர்களே, இறந்தவற்றை எவ்வாறு உயிர்ப்பிக்கிறாய் என்று இறைவனிடம் கேட்டார்கள்; நம்பாததால் அன்று, உள்ளம் அமைதி பெறுவதற்காகவே. அதட்டி அடக்கிய கேள்வி அழிந்துவிடாது. பத்தாண்டுகள் கழித்து அதே பிள்ளை அதை நம்மிடம் கேட்காமல், கைப்பேசியில் முகம் தெரியாத யாரிடமோ கேட்கும்.

தெரியாதபோது

"நான் படிக்காதவள், எனக்கு என்ன தெரியும்?" என்று கூறும் தாய்மார்கள் உண்டு. மதீனாவின் பேரறிஞர் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் ஒருமுறை 48 கேள்விகள் கேட்கப்பட்டன. அவற்றுள் 32க்கு அவர்கள் "எனக்குத் தெரியாது" என்றே விடையளித்தார்கள் என வரலாறு கூறுகிறது. அத்தகைய இமாமே தயங்காமல் கூறியதை நாம் கூறுவதில் என்ன குறை? "தெரியலையே கண்ணு, கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். பொய்யான பதிலைமட்டும் புனைய வேண்டாம்.

ஒரு தாய் தம் குழந்தையை "வா, ஒன்று தருகிறேன்" என்று அழைத்தார். என்ன தரப் போகிறீர் எனப் பெருமானார் வினவ, பேரீச்சம்பழம் என்றார் அவர். ஒன்றும் கொடாதிருந்தால் உம்மீது ஒரு பொய் பதியப்பட்டிருக்கும் என எச்சரித்தார்கள் பெருமானார். அபூதாவூத் நூலில் இடம்பெறும் இச்செய்தி, "பூச்சாண்டி பிடித்துக்கொள்ளும்" என்று கூறிச் சோறூட்டும் நமக்கும் சேர்த்துத்தான்.

சொன்னபடி கேட்டுச் சொல்லவும் வேண்டும். நாற்பது பக்க நோட்டு ஒன்றை அடுப்படி மாடத்தில் வைத்து, விடை தெரியாத கேள்விகளை எழுதி வாருங்கள். எழுதத் தெரியாத தாய்க்கு மூத்த பிள்ளை எழுதித் தரட்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து உண்ணும்போது அதைத் திறங்கள். மார்க்கக் கேள்வியை ஆலிமிடமும், மற்றதைப் பள்ளி ஆசிரியரிடமும், விதைப்பு பற்றியதைக் குதிரைவாலி விதைக்கும் பாட்டனாரிடமும் கேட்டு வரலாம். இதனால் தன் கேள்விக்கு மதிப்புண்டு என்பதையும், அறிவு தேடிப் பெறுவது என்பதையும் குழந்தை சேர்ந்தே கற்கிறது.

பதில் கூறுமுன் "நீ என்ன நினைக்கிறாய்?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அது எவ்வளவு அறிந்திருக்கிறது என்பது அப்போது விளங்கும். விருந்தினர் முன்னிலையில் சங்கடமான கேள்வி எழுந்தால் "நல்ல கேள்வி, இரவில் சொல்கிறேன்" என்று கூறி, இரவில் மறவாமல் சொல்லுங்கள். ஒரு பிள்ளை கேட்கும்போது மற்றப் பிள்ளைகள் சிரித்தால் அவர்களைத் தடுங்கள். பெண்பிள்ளை கேட்டால் "உனக்கு எதற்கு?" என்ற சொல் எவர் வாயிலிருந்தும் வரலாகாது. மார்க்க விளக்கங்களைப் பெரிய ஸஹாபிகளும் வந்து கேட்டுப் பெற்றது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம்தானே!

இவற்றுக்கெல்லாம் செல்வம் வேண்டியதில்லை. ஒரு வேளையேனும் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்துவிட்டு எல்லோரும் சேர்ந்து அமர்ந்தால் போதும். நம்மிடம் கேட்கும் வயது மிகக் குறுகியது. இன்றிரவு உணவுக்கு அமரும்போது பிள்ளை கேட்கும் முதல் கேள்விக்குக் கையிலுள்ள கவளத்தைச் சற்றே தாழ்த்தி, அதன் முகம் பார்த்து விடை கூறுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களின் உணவில் பரக்கத்தையும், நம் பிள்ளைகளின் நாவில் நல்ல கேள்விகளையும், நம் நாவில் உண்மையான விடைகளையும் தந்தருள்வானாக! ஆமீன்.